பின்களுக்குப் பின்னால்: 16 லேன் பௌலிங் சென்டரைக் குடும்பமாக நடத்துவது எப்படி

லேன் எனப்படும் நீண்ட தளத்தில் கனத்த பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துப் பின்களை (கட்டைகளை) வீழ்த்தும் ஆட்டம் பௌலிங். அமெரிக்காவில் அது உச்சத்தில் இருந்தது 1960களின் நடுப்பகுதியில். அன்றைக்கு நாடெங்கும் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்த மையங்களில் பாதிகூட இன்று இல்லை. பெரிய ஊர்களில் மிஞ்சியவற்றில் கணிசமானவை ஒரே நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. 2013இல் ஏ.எம்.எஃப். மையங்களையும் 2014இல் பிரன்ஸ்விக் மையங்களையும் வாங்கி வளர்ந்த பௌலெரோ, இப்போது லக்கி ஸ்ட்ரைக் என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் வட மாநிலங்களான விஸ்கான்சின், மின்னசோட்டா, மிச்சிகன் பக்கத்துச் சிற்றூர்களில் 8, 12, 16 லேன் மையங்கள் இன்னும் பெரும்பாலும் குடும்பச் சொத்துதான். இங்கே சொல்வதெல்லாம் அப்படி ஒரு விஸ்கான்சின் ஊரை, 16 லேன் உள்ள ஒரு கட்டடத்தை மனதில் வைத்து. மால் மாடியில் சினிமா தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் பந்து உருட்டிவிட்டுப் போகிறார்களே, அந்த வியாபாரம் வேறு. அங்கே வருகிறவர் ஒருநாள் விருந்தாளி. இங்கே வருகிறவர் செப்டம்பரிலிருந்து ஏப்ரல்வரை வாராவாரம் அதே கிழமையில் அதே நாற்காலியில் வந்து உட்காருவார்.

வாங்குகிறவர்கள் செய்யும் வழக்கமான பிழை, முன்பக்கத்துக்கு முதலில் பணம் போடுவது. புதிய சோபா, எல்.இ.டி. விளக்கு, பெரிய திரை எல்லாம் வரும். பின்களுக்குப் பின்னால், விழுந்த பின்களை மறுபடி நிறுத்தும் 50 வயது இயந்திரம் இருமிக்கொண்டிருக்கும். லீக் ஆட்டக்காரர், அதாவது பருவம் முழுக்க வாராவாரம் அணியாக வந்து போட்டி ஆடுகிறவர், சோபாவைப் பார்த்து வருவதில்லை. ஒரே இரவில் மூன்று தடவை ஆட்டம் நின்றால் அடுத்த பருவத்துக்கு வேறு ஊருக்குப் போய்விடுவார். எனவே பணம் போகும் வரிசை இப்படி இருக்கட்டும்: கூரை, இயந்திரம், லேன், கழிப்பறை, அப்புறம்தான் சோபா.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் 1950, 60களில் கட்டியவை. நடுவில் தூண் இல்லாமல் நீண்ட பரப்பை மூடும் கூரை, பலவும் தட்டையானவை. பனிக்காலத்தில் அதன்மேல் பனியின் எடை ஏறும், மார்ச்சில் உருகும், ஒழுகும். லேன்மேல் சொட்டும் நீர் மரத்தைப் புடைக்க வைத்துவிடும். கூரையைத் தனியாக ஒரு நிபுணரைக் கொண்டு பாருங்கள். முடிந்தால் பனி உருகும் காலத்தில் ஒருமுறை உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். சீலிங் ஓடுகளில் பழுப்புக் கறை இருக்கிறதா, புதிதாக மாற்றிய ஓடுகள் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கின்றனவா என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து லேன். பந்து வீசுகிறவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின்வரை 60 அடி, அகலம் சுமார் 41½ அங்குலம், 39 பலகை. அந்த அகலத்துக்குள் ஒரு பக்கச் சாய்வோ பள்ளமோ ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்குக்குமேல், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குமேல், இருக்கக் கூடாது என்பது யூ.எஸ்.பி.சி. எனப்படும் அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதி. ஆண்டுதோறும் லேனை அளந்து சான்று தருவார்கள். முந்தைய ஆண்டுகளின் அளவீட்டுத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். எந்த லேனில் எந்த இடத்தில் எண்கள் வருடா வருடம் நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அடித்தளம் எங்கே இறங்குகிறது என்பது தெரியும். மர லேன் என்றால் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்: இதுவரை எத்தனை தடவை இழைத்திருக்கிறார்கள்? ஒவ்வொரு தடவையும் மேல்பரப்பு கொஞ்சம் போகும். ஒரு கட்டத்தில் ஆணித்தலை தெரிய ஆரம்பிக்கும், அதற்குமேல் இழைக்க வழியில்லை. அப்புறம் மேலே செயற்கைத் தகடு பதிக்கவேண்டியதுதான்.

மதுபான உரிமத்தில் பலர் ஏமாறுவார்கள். விஸ்கான்சினில் ‘கிளாஸ் பி’ உரிமத்தை ஊராட்சியோ நகராட்சியோ கொடுக்கிறது. காலம் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. கட்டடத்தோடு அது தானாக உங்கள் பெயருக்கு மாறாது. மக்கள்தொகைக்கு ஏற்ப எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் ‘உரிமம் கிடைத்தால் மட்டுமே’ என்ற நிபந்தனை இருக்கட்டும். பியர் இல்லாத விஸ்கான்சின் லீக் என்று ஒன்று கிடையாது.

கடைசியாக லீக் பட்டியல். ‘வாரத்தில் ஆறு லீக் இருக்கிறது’ என்ற வாய்வார்த்தை போதாது. ஒவ்வொரு லீக்கிலும் எத்தனை அணி, ஒவ்வொரு அணியிலும் எத்தனை பேர், கடந்த மூன்று பருவத்தில் அந்த எண்ணிக்கை எப்படி மாறியது, செயலாளர் யார் என்று கேளுங்கள். அந்தச் செயலாளர்கள் நால்வரோடு பேசிவிட்டு விலை பேசப் போவது நல்லது. கடனுக்கு அமெரிக்க அரசின் சிறுதொழில் அமைப்பான எஸ்.பி.ஏ.வின் 7(ஏ) திட்டம் பலருக்கும் பொருந்தும்; அதன் உச்சவரம்பு 50 லட்சம் டாலர், இந்த அளவு மையத்துக்கு அது போதுமானதே.

பின்செட்டர்

பின்களை நிறுத்தி, பந்தைத் திருப்பி அனுப்பும் இயந்திரம்தான் பின்செட்டர். ஒரு லீக் இரவை எடுத்துக்கொள்வோம். 16 லேன் என்றால் 8 ஜோடி. ஜோடிக்கு இரண்டு அணி, அணிக்கு நான்கு பேர், ஆக 64 ஆட்டக்காரர். ஆளுக்கு மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு 10 ஃபிரேம், அதாவது வீசும் முறை. மொத்தம் 1,920 ஃபிரேம். அந்த இரவில் இயந்திரம் 12 தடவை நின்றால் 160 ஃபிரேமுக்கு ஒரு நிறுத்தம். நான்கு தடவை நின்றால் 480க்கு ஒன்று. ‘ஒரு நிறுத்தத்துக்கு எத்தனை ஃபிரேம்’ என்பதுதான் இந்தத் தொழிலின் நாடித்துடிப்பு. 200க்குக் கீழே இருந்தால் ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள். 500ஐத் தாண்டினால் யாரும் இயந்திரத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆயிரத்தைத் தொட்டால் மெக்கானிக்கின் சம்பளத்தை நீங்களே கூட்டிவிடுங்கள், பக்கத்து ஊர்க்காரர் கூட்டுவதற்கு முன்.

இதை அளக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள், ஒரு பென்சில். தேதி, நேரம், என்ன ஆனது, என்ன செய்தோம் என்று நான்கு பத்தி. மாதக் கடைசியில் தாள்களை அடுக்கிப் பார்த்தால் 16இல் மூன்று இயந்திரங்களே பாதி நிறுத்தத்துக்குக் காரணமாக இருக்கும். அந்த மூன்றை மட்டும் அடுத்த மாதம் கவனியுங்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதைவிட இது பலன் தரும்.

நிறுத்தங்களில் அடிக்கடி வருவது பந்து திரும்பாமல் போவது. காரணம் பெரும்பாலும் எண்ணெய். லேனிலிருந்து பந்தோடு வரும் எண்ணெய், பந்தை முன்பக்கம் தள்ளும் பெல்ட்டில் படிந்து வழுக்கும். எடை குறைந்த 6, 8 பவுண்டு பந்துகள் முதலில் சிக்கும். அதனால்தான் சனிக்கிழமை பிறந்தநாள் விழாக்களில் இந்தத் தொல்லை கூடுதல். பெல்ட்டை வாரம் ஒருமுறை துடையுங்கள். தேய்ந்து பளபளத்திருந்தால் துடைப்பது வீண், மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, பின் சிக்குவது. இயந்திரத்துக்குள் பின்கள் ஏறி, வரிசையாகி, இறங்கும் பாதையில் அடிவளையம் உடைந்த பின்னோ, கழுத்தில் உறை பிய்ந்த பின்னோ ஒன்று இருந்தால் போதும். அது வரும் சுற்றிலெல்லாம் நிற்கும். இயந்திரத்தைக் குறைசொல்வதற்கு முன் பின்களைப் பாருங்கள். ஒரு இயந்திரத்தில் ஏறக்குறைய 20 பின் சுழலும். 16 லேனுக்கு 320. இன்னொரு முழுத் தொகுதி ஓய்வில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை மாற்றி, இறக்கியதைத் துடைத்து, உடைந்ததை ஒதுக்குங்கள். ஒரே லேனில் பழையதும் புதியதுமாகக் கலந்து போடாதீர்கள். எடையும் துள்ளலும் மாறும், ‘7ஆம் லேனில் ஸ்ட்ரைக் (ஒரே பந்தில் பத்துப் பின்னும் விழுவது) விழமாட்டேன் என்கிறது’ என்ற புகார் வரும், அந்தப் புகார் நியாயமாகவும் இருக்கும்.

மூன்றாவது, பின் விழாமல் தன் இடத்தைவிட்டு நகர்ந்து நின்றுவிடுவது. இயந்திரத்தின் பிடிக்கு எட்டாத தூரத்தில் இருந்தால், பின்களைப் பிடித்துத் தூக்கும் மேசை கீழே வந்து நின்றுவிடும். ஆட்டத்தில் இது எப்போதாவது நடப்பதுதான். ஒரே லேனில் திரும்பத் திரும்ப நடந்தால் பின் நிற்கும் தளத்தில் எண்ணெய் படிந்திருக்கிறது என்று பொருள். தினமும் காலையில் அந்தத் தளத்தைத் துடைக்க லேனுக்கு ஒரு நிமிடம் ஆகும். சோம்பல்படாதீர்கள்.

நான்காவது வாடிக்கையாளர் செய்வது. விழுந்த பின்களைத் தள்ளும் துடைப்புத் தடுப்பு கீழே இறங்கியிருக்கும்போதே இரண்டாவது பந்தை வீசிவிடுவார்கள். 14 பவுண்டு பந்து அந்தத் தடுப்பின் கையை வளைத்துவிடும். ஷூ கொடுக்கும்போதே ‘தடுப்பு மேலே போனபிறகு வீசுங்கள்’ என்று சொல்லிக்கொடுக்கக் கவுண்டரில் இருப்பவரைப் பழக்குங்கள். சுவரில் ஒட்டிய எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

கையிருப்பில் வைக்கவேண்டியவை: பந்து ஏற்றும் பெல்ட், வேகம் கொடுக்கும் பெல்ட், பின்னைப் பிடிக்கும் கிண்ணங்கள், அதிர்வுத் தாங்கிகள், கிளட்ச் உறை, ஃபியூஸ், ரிலே, ஒரு முழு மோட்டார். பழைய பிரன்ஸ்விக் ஏ-2, ஏ.எம்.எஃப். 82-70 வகைப் பின்செட்டர்கள் இன்னும் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஓடுகின்றன. எங்காவது ஒரு மையம் மூடுகிறது என்று கேள்விப்பட்டால் டிரக்கோடு போய் இரண்டு இயந்திரங்களை வாங்கிவந்து கொட்டகையில் போடுங்கள். மாநில உரிமையாளர் சங்கக் கூட்டங்களுக்குப் போகவேண்டிய முதல் காரணமே இந்தத் தகவல்தான்.

கோடையில் லீக் இல்லாதபோது வாரத்துக்கு இரண்டு இயந்திரம் என்று பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, எண்ணெயிட்டுப் பூட்டுங்கள். எட்டு வாரத்தில் 16உம் முடிந்துவிடும். ஜூன் முதல் வாரம் தொடங்கினால் ஜூலை கடைசிக்குள் ஆகிவிடும், ஆகஸ்ட் உங்களுக்கு மிஞ்சும்.

பாதுகாப்பைப் பற்றிக் கறாராகச் சொல்லவேண்டும். பின்செட்டரில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கை உள்ளே போகவேண்டும். பந்து திரும்பும் பாதை இரண்டு லேனுக்கும் பொது. ஒன்றை நிறுத்தினாலும் பக்கத்து லேனுக்காகப் பந்தை ஏற்றும் கருவி சுழன்றுகொண்டிருக்கும். ஜோடி இரண்டையும் நிறுத்துங்கள். தொங்கும் சட்டை, கட்டாத தலைமுடி, காதில் ஒலிக்கருவி எதுவும் கூடாது. இரவில் தனி ஆளாகப் பின்னால் யாரும் வேலை செய்யக் கூடாது. சொந்தப் பிள்ளைகளே ஆனாலும் 18 வயதுக்கு முன் அந்தக் கதவுக்கு அப்பால் அனுப்பாதீர்கள். ‘நாங்கள் எல்லாம் பத்து வயதிலேயே ஏறினோம்’ என்று பழைய உரிமையாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

எண்ணெய்

லேன் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது வெளியாட்கள் பலருக்குத் தெரியாது. அது மேற்பரப்பைப் பந்தின் உரசலிலிருந்து காக்கிறது. ஆட்டத்தைத் தீர்மானிப்பதும் அதுவே.

லீக்குக்கு வழக்கமாகப் போடும் பேட்டர்ன், அதாவது எண்ணெய் அமைப்பு, ஏறக்குறைய 40 அடி நீளம், லேனுக்கு 20 முதல் 25 மில்லி. நடுவில் தடிமனாக, இரண்டு ஓரத்திலும் மெல்லியதாக. பந்து கொஞ்சம் வெளியே போனால் எண்ணெய் குறைந்த இடத்தில் பிடிமானம் கிடைத்து உள்ளே திரும்பிவரும். உள்ளே போனால் எண்ணெயில் வழுக்கி நேராகப் போகும். இரண்டு பக்கத் தவறையும் லேன் மன்னிக்கும். சராசரி கூடும், ஆட்டக்காரர் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார். ‘கடினமான பேட்டர்ன் போட்டால்தான் உண்மையான ஆட்டம்’ என்று இரண்டு மூன்று கில்லாடிகள் வற்புறுத்துவார்கள். அவர்களுக்குத் தனியாகப் பத்து வாரப் போட்டி ஒன்று வைத்துக்கொடுங்கள். மற்ற 60 பேரைத் தண்டிக்காதீர்கள்.

பேட்டர்ன் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால் பந்து எண்ணெயைவிட்டு வெளியேறவேண்டிய பலகை கிடைக்கும் என்பது ஆட்டக்காரர்களின் கணக்கு: 40 அடிக்கு ஓரத்திலிருந்து 9ஆம் பலகை. இந்தக் கணக்கு 16 லேனிலும் ஒன்றுபோல் ஒத்துவரவேண்டும். ஒரு லேனில் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் லேனைக் கழுவி எண்ணெய் போடும் இயந்திரத்தில்தான் கோளாறு. தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை தேய்ந்தால் கிளீனரின் ஈரக்கோடு லேனின் பின்பாதியில் தங்கும், பந்து அங்கே திரும்பாது. தூசித்துணி நகராமல் நின்றுவிட்டால் ஒரே அழுக்கை எல்லா லேனுக்கும் பூசிவைக்கும். கழிவுத்தொட்டி நிரம்பினால் உறிஞ்சும் வலு போகும். கிளீனரைக் கண்ணளவில் கலந்தால், அடர்த்தி குறைவாக இருக்கும்போது பழைய எண்ணெய் போகாது, அதிகமாக இருக்கும்போது நுரை தங்கும். அளவுக்குவளை வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி கலக்குங்கள். தினம் ஓட்டி முடித்ததும் ரப்பர் பட்டையைத் துடைத்து, தொட்டியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

16 லேனுக்கு ஒருமுறை ஓட்ட அரை மணி நேரம், 22 மில்லி கணக்கில் 352 மில்லி எண்ணெய். மதியம் முதியோர் லீக், மாலையில் இன்னொன்று என்றால் நடுவில் மறுபடி ஓட்டியே ஆகவேண்டும். மதியம் முழுக்க ஆடிய லேனில் எண்ணெய் பந்துகளோடு பின்னால் நகர்ந்திருக்கும், முன்னால் தேய்ந்திருக்கும். அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிட்டால் மாலை லீக்கின் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். பொதுமக்கள் ஆடும் ஞாயிறு மதியத்துக்கு எண்ணெய் குறைவாகப் போட்டால்கூட யாரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் போடாமல் விடாதீர்கள், மேற்பரப்பு கெடும்.

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஆண்டு முழுக்கச் சீராக வைத்திருங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் மரமும் எண்ணெயும் அடங்கியிருக்கும். இரவில் செலவு மிச்சம் என்று ஏசியை நிறுத்தினால், ஆட்டக்காரர் ஓடிவந்து பந்து வீசும் தரை பிசுபிசுக்கும். வழுக்கவேண்டிய கால் ஒட்டிக்கொள்ளும், ஆள் குப்புற விழுவார். பனிக்காலத்தில் இதே விபத்து வேறு வழியில் வரும்: வாசலிலிருந்து கழிப்பறைவரை பனி ஈரம், உப்பு. பௌலிங் ஷூவோடு அதை மிதித்துவிட்டு வந்தால் தீர்ந்தது. வாசலில் நீளமான மிதியடி, பக்கத்தில் துடைப்பம், அரை மணிக்கொருதரம் துடைக்க ஒரு ஆள்.

லீக்

பருவம் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினத்தை ஒட்டித் தொடங்கி ஏப்ரல் கடைசிவரை, 30 வாரத்துக்குமேல் போகும். ஆட்டக்காரர் வாராவாரம் கொடுக்கும் தொகை இரண்டாகப் பிரியும்: மையத்துக்குச் சேரவேண்டிய ஆட்டக்கட்டணம், பரிசுநிதி. உதாரணமாக மையத்தின் பங்கு ஆளுக்கு 12 டாலர் என்று வைப்போம். 64 பேர், 32 வாரம்: 24,576 டாலர். பியரும் பீட்சாவும் இதில் சேரவில்லை. இப்படி நான்கு மாலை லீக் இருந்தால் குளிர்காலச் சம்பளமும் மின்கட்டணமும் செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். பிறந்தநாள் விழாக்களால் இந்த நிச்சயத்தைத் தரமுடியாது.

லீக் உங்களுடையதல்ல என்பதை நினைவில் வையுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். விதிகளை அவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பரிசுநிதி தனி வங்கிக் கணக்கில், இரண்டு கையெழுத்தோடு இருக்கவேண்டும். அதை மையத்தின் கல்லாவில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். யூ.எஸ்.பி.சி. சான்று பெற்ற லீக் என்றால் அந்தப் பணத்துக்குக் காப்பீடும் உண்டு. செயலாளர்தான் உங்கள் உண்மையான விற்பனையாளர். அவருக்கு அச்சுப்பொறி, காகிதம், ஒரு கோப்பை காபி, கேட்ட கேள்விக்கு அன்றே பதில் — இவ்வளவு போதும்.

புதியவர்கள் சேரத் தயங்குவது ‘நான் சரியாக ஆடமாட்டேன்’ என்பதால். சராசரி குறைந்தவருக்குக் கூடுதல் பின் தரும் ஹேண்டிகேப் கணக்கை எளிதாகச் சொல்லிக்கொடுங்கள். லீக் விதி 220இல் 90 சதவீதம் என்றால், 150 சராசரி உள்ளவருக்கு 70இல் 90 சதவீதம், ஆட்டத்துக்கு 63 பின் கூடுதல். 210 எடுப்பவருக்கு 9. தோற்பதற்கும் ஜெயிப்பதற்கும் இருவருக்கும் வாய்ப்பு உண்டு என்பது புரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

32 வாரம் கட்டுப்பட இளையவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அவர்களிடம் வாதாடிப் பயனில்லை. பத்து அல்லது பன்னிரண்டு வார லீக், ஒருவாரம் விட்டு ஒருவாரம் கலப்பு லீக், கட்டணத்தோடு கடைசியில் ஒரு புதிய பந்து தரும் கோடை லீக் என்று சிறியதாகப் போடுங்கள். கோடையில் பந்து வாங்கியவர் செப்டம்பரில் அதை அலமாரியில் வைக்க மனம் வராமல் திரும்பி வருவார். சனிக்கிழமை காலை இளையோர் லீக்கில் பரிசைப் பணமாகக் கொடுக்காமல், யூ.எஸ்.பி.சி.யின் ஸ்மார்ட் திட்டத்தில் கல்வி உதவித்தொகையாகச் சேர்க்கலாம். பெற்றோருக்கு அது பிடிக்கும்.

அட்டவணை போடும்போது விஸ்கான்சின் நாள்காட்டியைப் பார்த்துப் போடவேண்டும். நவம்பரில் தேங்ஸ்கிவிங் எனும் நன்றியறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி மான்வேட்டை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். அந்த வாரம் பாதி அணி காட்டில் இருக்கும். ஆட்டத்தை முன்கூட்டியே ஆடி முடிக்க விடுங்கள் அல்லது வாரத்தையே விட்டுவிடுங்கள். மாநிலத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸின் ஆட்டம் திங்கள் இரவிலோ வியாழன் இரவிலோ வந்தால் எல்லாத் திரையிலும் அதைப் போட்டுவிட்டு லீக்கை நடத்தலாம். போடாவிட்டால் நடத்தமுடியாது.

நேரம் தவறாதீர்கள். 6:30 என்றால் 6:15க்குப் பயிற்சி, 6:30க்கு முதல் பந்து. ஜோடிக்கு எட்டுப் பேர் மூன்று ஆட்டம் முடிக்க இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள்.

காலி நேரத்தை விற்பது

வாரம் முழுக்க தினம் 12 மணி நேரம் திறந்தால் உங்களிடம் விற்க வாரத்துக்கு 1,344 லேன்-மணி (ஒரு லேன், ஒரு மணி நேரம்) இருக்கிறது. நான்கு மாலை லீக் எடுத்துக்கொள்வது, லீக்குக்கு மூன்று மணி என்று வைத்தால், 192. மிச்சத்தில் பெரும்பகுதி வாரநாட்களின் பகல். அதை மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் நட்டமில்லை. முதியோர் லீக், பள்ளிகளின் உடற்கல்வி வகுப்பு, வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் குழு, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பயிற்சி ஆகியவற்றைத் தேடிப்போய்க் கேளுங்கள்.

வெள்ளி, சனி இரவில் ஆட்டக்கணக்கில் விற்காதீர்கள், மணிக்கணக்கில் விற்கவும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு ஆட்டம் முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்; பேசிச் சிரித்துக்கொண்டே ஆடினால் இன்னும் கூடும். மணிக்கணக்கு என்றால் அவர்களும் அவசரப்படவேண்டியதில்லை, வரிசையில் நிற்பவருக்கும் நீங்கள் நேரம் சொல்லமுடியும். வாரநாளில் நேர்மாறு: ஆட்டக்கணக்கே ஆட்களை இழுக்கும்.

பிறந்தநாள் விழாவுக்கு இரண்டு மணி நேரம்: 90 நிமிடம் ஆட்டம், 30 நிமிடம் கேக். அடுத்த விழாவுக்கு முன் 20 நிமிடம் இடைவெளி விடாவிட்டால் நாள் முழுக்கத் தாமதம் வால்போல் நீளும். முன்பணம் வாங்குங்கள். 6 பவுண்டு பந்துகளும், பிள்ளைகள் பந்தை உருட்டிவிடும் சாய்தளங்களும், ஓரப் பள்ளத்தில் பந்து விழாமல் மேலெழும் கட்டர் தடுப்புகளும் போதுமான அளவு இருக்கட்டும். வீட்டுப் பந்துகளில் விரல்துளைகளின் அளவு பல விதமாக இருக்கவேண்டும். ஒரே அளவில் முப்பது வாங்கிவைத்தால் பெரிய கட்டைவிரல்காரர் தன் விரல் நுழையும் பந்தைத் தேடி அலைவார். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பந்துக்கு ஏற்ற தொடக்கம்.

சமையலறைக்குப் பெரிய மெனு வேண்டாம். பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல், கோழி இறக்கை, வெள்ளிக்கிழமை மீன்வறுவல். விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை ஃபிஷ் ஃப்ரை போடாத இடத்துக்கு மதிப்பில்லை: மாவில் தோய்த்த காட் மீன், ரை ரொட்டி, கோஸ் சாலட். பௌலிங் ஆடாதவர்களும் சாப்பிட வருவார்கள். புகைப்போக்கி மட்டும் வலுவாக இருக்கட்டும். பொரிக்கும் எண்ணெயின் ஆவி காற்றில் பரவினால் பின்களிலும் திரைகளிலும் பிசுபிசுவென்று படியும்.

குடும்பம்

குடும்பத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் சந்தைச் சம்பளம் எழுதுங்கள், எடுத்துக்கொள்ளாவிட்டாலும் கணக்கில் எழுதுங்கள். அம்மா சமையலறையில் வாரம் 50 மணி நேரம் சும்மா உழைப்பதால் வரும் லாபம், லாபமல்ல. அவருக்கு முழங்கால் வலி வந்த அன்று அது தெரியும். வங்கிக்காரருக்கும் வாங்க வருகிறவருக்கும் அதற்கு முன்பே தெரியும். கட்டடத்தை ஒரு எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்), வியாபாரத்தை இன்னொரு எல்.எல்.சி. வைத்துக்கொண்டு, முன்னதற்குப் பின்னது முறையாக வாடகை கட்டுவது பலரும் பின்பற்றும் ஏற்பாடு. பிள்ளைகளில் ஒருவர் தொழிலில் இருக்க, மற்றவர்கள் வெளியூரில் இருக்கும்போது பங்கு பிரிப்பதில் சச்சரவு குறையும். நல்ல வழக்கறிஞரையும் கணக்கரையும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடுங்கள்.

பொறுப்பைப் பிரிக்கும்போது ஆளுக்கொரு துறை, அந்தத் துறையில் அவர் சொல்வதே முடிவு: பின்பக்கம் ஒருவர், முன்பக்கமும் லீக்கும் ஒருவர், சமையலறையும் மதுவும் ஒருவர். அண்ணன் சொன்னதை வாடிக்கையாளர் முன்னால் தம்பி மாற்றக் கூடாது. செவ்வாய்க் காலை அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்று எண்களைப் பாருங்கள்: ஒரு நிறுத்தத்துக்கு எத்தனை ஃபிரேம், எத்தனை லேன்-மணி விற்றது, ஒரு லேன்-மணிக்கு உணவையும் மதுவையும் சேர்த்து எவ்வளவு வந்தது. வேறெதையும் அந்த மேசையில் பேசவேண்டாம். மச்சானின் திருமணத்தைச் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்ளலாம்.

கயிற்றுப் பின்

இன்றைக்குக் குடும்ப மையங்கள் எல்லாம் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான்: பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பின்னின் தலையிலும் கயிறு கட்டித் தூக்கி நிறுத்தும் இயந்திரத்துக்கு மாறலாமா? உதிரிபாகம் மிகக் குறைவு, மின்சாரம் குறைவு, கயிற்றுச் சிக்கலைக் கவுண்டர்ப் பையனே எடுத்துவிடுவான். மெக்கானிக் கிடைக்காத ஊரில் இது பெரிய விடுதலை. ஆனால் கயிறு இருப்பதால் பின்கள் பழையபடி பறந்து மற்றவற்றைச் சாய்ப்பதில்லை, ஸ்ட்ரைக் குறையும். 2023இல் யூ.எஸ்.பி.சி. கயிற்றுப் பின் ஆட்டத்துக்கும் சான்று கொடுக்கத் தொடங்கியது, ஆனால் தனி வகையாகத்தான். இங்கே எடுக்கும் சராசரி, சுதந்திரமாக விழும் பின் ஆட்டத்துக்கு அப்படியே ஒத்துவராது.

வருமானத்தில் பாதிக்குமேல் லீக்கிலிருந்து வந்து, நம்பகமான மெக்கானிக்கும் இருந்தால் இப்போதைக்கு மாற்றாதீர்கள். மெக்கானிக்குக் கீழே ஒரு இளையவரைப் பழக்குங்கள். வார இறுதிக் கூட்டமும் விழாக்களுமே வருமானம் என்றால், அல்லது மெக்கானிக்கின் ஓய்வுக்கு இரண்டு ஆண்டே இருந்து பின்னால் வர யாரும் இல்லையென்றால், மாற்றுவது புத்திசாலித்தனம். சில லேனை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஜோடிகளாக, ஒரு ஓரத்திலிருந்து மாற்றுங்கள். லீக்குக்கு ஒரே வகை லேன்கள் தொடர்ச்சியாக வேண்டும். 16இல் நான்கைப் பிரித்தால் 12 அணிக்குமேல் ஒரு லீக்கில் சேர்க்கமுடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மாற்றுவதானால் செயலாளர்களிடம் பிப்ரவரியிலேயே சொல்லிவிடுங்கள், ஆகஸ்ட் கூட்டத்தில் வெடிகுண்டு போடாதீர்கள். ஏப்ரலில் கடைசி லீக் முடிந்ததும் பழையதைக் கழற்ற ஆரம்பித்து, ஜூலைக்குள் புதியதை நிறுத்தி, ஆகஸ்டில் ஆட்டக்காரர்களை இலவசமாக ஆடிப்பார்க்கக் கூப்பிடுங்கள். கழற்றிய பழைய இயந்திரங்களை இரும்புக்கடைக்குப் போடவேண்டாம். பக்கத்து மாவட்டத்தில் அதே வகை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு குடும்பம் உங்கள் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும்.